டொக்டரம்மாவைக் கொன்றது யார் என்று நீங்கள் கேட்டபோது

அன்பான சிவமலர் அக்கா,

போன சனிக்கிழமை பகல் நானும் றிஸ்வானும் உட்கார்ந்து அந்தப் பாகத்தின் மிச்சப் பாதியைப் பார்த்து முடித்தோம். நீங்கள் இல்லாமல் பார்த்தோம். இதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த என்னால் முடியாது.

அருப்பொலயில் உங்கள் வாடகை அனெக்ஸ் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது, சாவி என்னிடம். அங்கே போய்ப் பார்க்க மனம் வரவில்லை. மடவளையில் றிஸ்வான் வீட்டு முன்னறையில் பார்த்தோம். அவன் மனைவி பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். எங்கள் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்கும்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் மூன்று பேரும் ஒரு விஞ்ஞானத் தொடரின் பைத்தியங்கள். திரும்பி வரமுடியாத தூரத்துக்குப் போகும் ஒரு விண்கப்பல், அதற்குள் ஏழு பேர், அவ்வளவுதான் கதை. அவர்களுடைய வெள்ளைக்காரப் பெயர்கள் நம் வாயில் நுழையாததால் நாமே பெயர் வைத்தோம். கப்பல் தலைவர் லொக்கா. எஞ்சின் பார்க்கிறவர் பாஸ். செடி வளர்க்கிற பெண் தோட்டக்காரி. வைத்தியர் டொக்டரம்மா.

கண்டியில் ஒரு அரசாங்க ஒஃபிஸில் நீங்கள் மூத்த கிளாக். நான் பன்விலவில் இருந்து மாற்றலாகி வந்து உங்கள் பிரிவில் சேர்ந்தவன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, முதல் பத்துப் பாகத்தையும் பார்க்காமல் இதைத் தொட்டால் ஒன்றும் விளங்காது என்று கண்டித்துவிட்டுப் போனீர்கள். பேக் கடை வைத்திருக்கிற றிஸ்வான் தன் காணிப் பத்திர விஷயமாக வந்தபோது, லொக்கா செத்துவிடுவாரா என்று நாம் சண்டை போடுவதைக் கேட்டு, தன் பத்திரத்தை மறந்து நடுவில் புகுந்தான். அன்றிலிருந்து நான்கு வருஷம், உங்கள் அனெக்ஸில் சனிக்கிழமை மூன்று மணி. ஒஃபிஸில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றீர்கள்.

கொலை மர்மம் வருகிற பாகமென்றால் பாதியில் நிறுத்தவேண்டும் என்பது உங்கள் சட்டம். யார் செய்தது என்று மூன்று பேரும் சொல்லவேண்டும், ஒரு கிழமை முழுக்க வாதாடவேண்டும், அடுத்த சனிதான் மறுபாதி. விசாரணை முடியாமல் தீர்ப்பை வாசிக்கக்கூடாது என்பீர்கள். அதுவரை யாரும் தனியே பார்க்கக்கூடாது. பார்த்தால் துரோகம்.

கடைசியாக நாம் நிறுத்திய பாகத்தில், செடி அறைக்குள் டொக்டரம்மா செத்துக் கிடந்தார். கதவு உள்ளே பூட்டியிருந்தது. காற்று வருகிற குழாயை யாரோ வெட்டியிருந்தார்கள். நீங்கள் கொப்பியை விரித்து, கதவை யார் கடைசியாகத் திறந்தது, குழாய்ப் பக்கம் போக யாருக்கு அனுமதி என்று கோடு போட்டு எழுதினீர்கள். பாஸ்தான் என்றீர்கள். றிஸ்வான் தோட்டக்காரி என்றான், எப்போதும் அமைதியாக இருக்கிறவரைத்தானே அவன் சந்தேகப்படுவான். நான் லொக்கா என்றேன். லொக்காவைச் சொன்னதும் உங்களுக்கு வந்த கோபம்! அந்த மனிசன் அப்பிடிச் செய்யமாட்டார் என்று, ஏதோ சொந்தக்காரரைச் சொன்னதுபோல எழும்பிவிட்டீர்கள். நான்கு வருஷத்தில் ஒரு கொலையாளியைக்கூட நீங்கள் சரியாகப் பிடித்ததில்லை அக்கா. ஆனால் தோற்கிற ஒவ்வொரு முறையும் கதை எழுதியவனுக்குத்தான் பிழை.

திங்கட்கிழமை ஒஃபிஸ் படியில் ஏறும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புதன்கிழமை உங்களை ஸ்கேனுக்கு உள்ளே எடுத்தார்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்து இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். பயத்தில் கை சும்மா இருக்கவில்லை. ஃபோனைத் திறந்து மறுபாதியைப் பார்த்துவிட்டேன். சட்டத்தை உடைத்தவன் நான்தான்.

பார்த்து முடித்துப் பத்து நிமிஷம்கூட இல்லை, டொக்டர் வெளியே வந்தார். "மல்லித?" என்று சிங்களத்தில் கேட்டார், தம்பியா என்று. ஓம் என்று தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்காக உங்கள் உயிரின் கணக்கை என் காதில் சொன்னார். எல்லா இடத்திலும் பரவிவிட்டதாம், செய்ய ஒன்றும் இல்லையாம், சில மாதங்கள் இருக்கலாமாம்.

உங்கள் ஃபோனில் நம்பரைத் தேடி, கனடாவில் இருக்கிற உங்கள் சொந்தத் தம்பிக்குக் கோல் எடுத்தேன். அம்மாவின் செத்தவீட்டுக்கு வரவில்லை என்று ஆறு வருஷமாக நீங்கள் பேசாமல் இருந்த தம்பி. அவர் அழுதார் அக்கா. வாய்விட்டு அழுதார். மாதக் கடைசிக்கு டிக்கெட் எடுக்கிறேன் என்றார். பிறகு சொன்னார்: "அவவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. அறிஞ்சா மனம் விட்டிடுவா. நான் இப்ப திடீரெண்டு எடுத்தாலும் விளங்கிடும், அதாலை நானும் எடுக்கேல்லை."

நானும் சரி என்றேன். நம் ஆட்களுக்குள் வேறு என்ன வழக்கம் இருக்கிறது? படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அல்சர் என்போம், சத்துக் குறைவு என்போம், ஓரஞ்சு வாங்கிக்கொண்டு போய் வைப்போம். அன்பு என்றுதான் நினைத்துச் செய்கிறோம்.

ஒவ்வொரு நாளும் பகல் பன்னிரண்டு மணிக்கு வாட்டுக் கதவு திறந்ததும் ஓடிவருவேன். உங்களுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது, நான் மறுபாதியைப் பார்த்துவிட்டேன் என்று. யார் செய்தது என்று கேட்டீர்கள். சட்டம் சட்டம்தான், வீட்டுக்கு வாங்க, சேர்ந்து பாப்போம் என்று சிரித்து மழுப்பினேன். மறுநாளும் கேட்டீர்கள். மறுநாளும் அதையேதான் சொன்னேன்.

நான் இல்லாத ஒரு பின்னேரம் றிஸ்வான் வந்தான். அவன் மறுபாதியைப் பார்க்கவேயில்லை. ஆனாலும் உங்களைச் சந்தோஷப்படுத்த, நீங்க சொன்னதுதான் சரி, பாஸ்தான் செய்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த நாள் பகல் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். கை சுட்டது.

"றிஸ்வான் நான்தான் சரியெண்டு சொல்லிப்போட்டுப் போறான். நாலு வருஷமா நான் ஒருக்காலும் சரியா வரேல்லை. இப்ப மட்டும் எப்பிடித் தம்பி? அவன் என்னிலை இரக்கப்படுறான். நீர் பொய் சொல்லமாட்டீர். நீர் சொல்லும்."

நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அது கொலையே இல்லை அக்கா. டொக்டரம்மாவுக்கு உயிரெடுக்கிற, மாறாத வருத்தம். கப்பலில் எல்லோருக்கும் அது தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அவர் மனம் உடைந்துவிடுவார் என்று லொக்காதான் மறைக்கச் சொன்னார். பாஸும் தோட்டக்காரியும் சரி என்றார்கள். தனக்கு என்னவென்று தெரியாததால் டொக்டரம்மா ஓயாமல் வேலை செய்து, செடி அறைக்குள் தனியே விழுந்து செத்தார். தாங்கள் மறைத்தது வெளியே வராமல், காற்று நின்று செத்ததாகக் காட்டத்தான் பாஸ் குழாயை வெட்டினார். பூமியில் இருக்கிற மகளுக்கு அனுப்பவேண்டிய செய்தியை அடுத்த மாதம் பேசி அனுப்பலாம் என்று டொக்டரம்மா ஒத்திவைத்திருந்தார். அதைச் சொல்லிவிட்டுக் கதை முடிகிறது.

இதை நான் எப்படி உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்வேன்? கொப்பியில் கோடு போட்டு எழுதுகிற ஆள் நீங்கள். கதையைச் சொல்லி முடிக்கும் முன்னமே என் முகத்தில் மற்றதையும் வாசித்திருப்பீர்கள். அதனால் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "சனிக்கிழமை பாப்போம்கா" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, விடும்" என்றீர்கள். கையை எடுத்துக்கொண்டீர்கள்.

சில மாதங்கள் என்ற டொக்டரின் பேச்சு பதினொரு நாளில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிய எனக்கு ஃபோன் வந்தது. உங்கள் தம்பியின் டிக்கெட்டுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. மகியாவ மயானத்தில் நான்தான் கொள்ளி வைத்தேன். றிஸ்வான் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். ஒஃபிஸ் முழுக்க வந்திருந்தது. உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அதிகம் அழுதார்கள்.

போன சனிக்கிழமை மறுபாதி முடிந்தும் றிஸ்வான் டிவியை நிறுத்தவில்லை. இதுக்காகத்தானா நீ சொல்லல்ல என்று கேட்டான். ஆமாம் என்றேன். எனக்கு அவன்மேல் அதுவரை கோபம் இருந்தது, பொய் சொன்னானே என்று. அவனோ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் பொய் சொன்ன, நீ வாய மூடிட்டு இரிந்த. ரெண்டு பேரும் சேந்து அக்காவத் தனியா உட்டுட்டம் மச்சான்." வாசலில் இறங்கி பஸ் வரும்வரை நின்று அழுதேன்.

உங்களுக்குத் தெரிந்திருந்ததா அக்கா? கொலையாளியைத்தான் கேட்டீர்களா, வேறொன்றைக் கேட்டீர்களா? நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? திட்டியிருப்பீர்கள். அழுதிருப்பீர்கள். பிறகு தம்பிக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு கோலுக்குப் பதினொரு நாள் இருந்தது. நம்மிடம் அவ்வளவு நாள் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது இன்னும் மோசம்.

உங்கள் ஃபோனைச் சார்ஜ் பண்ண நான் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பகலில் திருப்பித் தருவேன். வாங்கியதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி அந்தத் தொடரைப் பற்றியது இல்லை. "சின்னவன் எடுத்தவனே?" என்பதுதான். ஆறு வருஷமாகப் பெயரே சொல்லாதவனை, ஒவ்வொரு நாளும் கேட்டீர்கள். இல்லக்கா என்பேன். அது பொய்யில்லை. நான் ஏற்கெனவே அவரோடு பேசியிருந்தேன் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

நீங்கள் போன பிறகு அவர் எனக்கு எடுத்தார். கடைசி நாட்களில் தன்னை ஒருமுறையாவது கேட்டீர்களா என்று கேட்டார். நீங்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததைச் சொன்னால் அந்த மனிதர் எப்படித் தாங்குவார் என்று நினைத்தேன். மருந்து மயக்கம், அக்கா ஒன்றும் பேசவில்லை என்றேன். பிறகு, "அப்ப அவ என்னை மன்னிக்கேல்லை" என்றார். ஃபோனை வைத்துவிட்டார்.

பாருங்கள் அக்கா, உங்களுக்குச் செய்ததையே அவருக்கும் செய்திருக்கிறேன்.

டிக்கெட்டை மாற்றி, உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அவர் வருகிறார். வெள்ளிக்கிழமை கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறார். கூட்டிவர றிஸ்வானின் வேனில் போகிறேன். கண்டிக்கு வரும்வரை வைத்திருக்கமாட்டேன், நாள் நேரம் பார்க்கமாட்டேன். அவர் பேக்கை வாங்கி வைத்ததும் சொல்வேன்: அக்கா பகல் பன்னிரண்டு மணிக்கு என் முகத்தைப் பார்த்ததும் முதலில் உங்களைத்தான் கேட்டாங்க, ஒரு நாள்கூடத் தவறவில்லை, நான்தான் உங்களிடம் பொய் சொன்னேன். அவர் என்னை அடிக்கட்டும். ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழட்டும். நான் பக்கத்தில் இருப்பேன், தனியே விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

டொக்டர் கேட்டபோது ஓம் என்று தலையாட்டிய,
உங்கள் இரண்டாவது தம்பி
மகேந்திரன்