அந்த விளம்பரத்தில் வந்தது என்ன கார்?

ஜூன் 9, திங்கள்

வெயில் இன்னும் இறங்கவில்லை. பள்ளி திறந்து ஒரு வாரம். என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டை போட்டே கை வலி. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, ஆள் வரச் சொல்ல வேண்டும். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாயிற்று.

ஏழரைக்கு ஜென்சியின் அப்பா மஸ்கட்டிலிருந்து போன். சாப்பிட்டியா, அப்பாவுக்குக் கால் எப்படி, ஜென்சி பிளஸ் டூ புத்தகம் எல்லாம் வந்துருச்சா. பிறகு சாதாரணமாக ஆரம்பித்தார்.

"மேரி, கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்கு அக்ரிமெண்ட் போடுறியான்னு கேக்குறாங்க. சனிக்கெழமைக்குள்ள கையெழுத்துப் போடணும்."

"செப்டம்பரோட முடிச்சிட்டு வந்துர்றேன்னு சொன்னீங்களே?"

"காரு வாங்கணும்ல. அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருந்தாத்தான் ஆகும். எது வேணும்னு நீயே பாத்துச் சொல்லு. டிவியிலதான் தெனமும் போடுறாங்களே."

நான் "சரிங்க" என்றேன். ஏன் சரி என்றேன்? பதினாறு வருஷமாகப் போனில் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிப் பழக்கம். வைத்த பிறகுதான் உறைத்தது. செப்டம்பரில் வருகிறவர் வரவில்லை. ஒரு காருக்காக.

கார் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? நான் கேட்கவில்லை. மாமா (அவருடைய அப்பா) கேட்கவில்லை. ஜென்சி கேட்டது ஸ்கூட்டி.

எங்களுக்குக் கார் எப்போதெல்லாம் தேவைப்படும் என்று எழுதிப் பார்த்தேன்.
1. மாமாவுக்கு ஆஸ்பத்திரி. (ஆட்டோ இருக்கிறது.)
2. வேளாங்கண்ணி. (எப்போதும் வேன்.)
3.

மூன்றாவது வரவில்லை.


ஜூன் 10, செவ்வாய்

காற்று. முற்றமெல்லாம் புழுதி. மோட்டார் ஆள் வரவில்லை.

சொன்னபடி கார் பார்க்க உட்கார்ந்தேன். ஏழிலிருந்து எட்டரை வரை, நோட்டும் பேனாவுமாக. தேர்வுக்குப் படிப்பது போல இருந்தது.

1. மலை. ஒருவன் மட்டும். கூலிங்கிளாஸ்.
2. பாலைவனம். ஒருவன் மட்டும். மணல் பறக்கிறது. (ஜெ.அப்பா இருப்பதே அங்கேதான். அவருக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்?)
3. மலை. ஒருவன், ஒருத்தி. அவள் முடி பறக்கிறது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. சண்டையோ என்னமோ.
4. பெரிய நகரம், எங்கும் விளக்கு. ஓட்டுகிறவரே தெரியவில்லை.
5. மழை. கார் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது.
6. மறுபடியும் 1.

மாமா பக்கத்தில் நாற்காலியில். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர், ரிட்டயர் ஆனாலும் கால் பிரேக்கைத் தேடும். ஐந்தாவதைப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார்.

"ஈர ரோட்டுல இப்பிடி ஒடிச்சான்னா பொரண்டுரும். இவனுக்கு யாரு லைசென்சு குடுத்தது?"

"அது விளம்பரம் மாமா."

"அதுக்காக? ரோட்டுல ஒரு ஆடு இல்ல, மாடு இல்ல, ஒரு டவுன் பஸ்சு இல்ல. இப்பிடி ஒரு ரோடு எங்கிட்டு இருக்கு, சொல்லு. நாளைக்கே நானும் ஓட்டுறேன்."

கீழே பொடி எழுத்தில் ஏதோ வந்தது. மாமா கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் போய்விட்டது. "படிக்கக் கூடாதுன்னே போடுறான்" என்றார்.

செய்தி முடிந்ததும் ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். இப்போது பார்த்த கார்கள் என்னென்ன?

மாமா: "அந்தச் செவப்பு."
ஜென்சி: கார் தெரியவில்லை, பாட்டு தெரிந்தது. ஹம் செய்தே காட்டினாள்.
நான்: 3-இல் வந்தவளின் ஜிமிக்கி.

மூன்று பேரும் தோல்வி. ஒன்றரை மணி நேரம், ஆறு விளம்பரம், ஒரு பெயர் இல்லை. எங்களுக்குத்தான் மூளை இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியது நாலே விஷயம். மாமாவின் முட்டி மடங்காது, பின் சீட்டில் ஏற முடியுமா? எத்தனை பேர் உட்காரலாம்? பின்னால் ஒரு மூட்டை அரிசி வைக்கலாமா? கெட்டுப்போனால் கீரனூரில் பார்ப்பார்களா? இதில் ஒன்றைக்கூட ஒருவனும் சொல்லவில்லை. எல்லாரும் மலைக்குப் போகிறார்கள். அங்கே போய் என்ன செய்கிறார்கள் என்றும் காட்டுவதில்லை.


ஜூன் 11, புதன்

ஆறு பேர் ஆப்சென்ட். எங்கோ காதுகுத்து. சத்துணவில் முட்டை.

இடைவேளையில் கலா டீச்சரிடம் கார் விஷயத்தைச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். போன தையில் கார் வாங்கியவள்.

"எப்படி டீச்சர் இந்தக் காருன்னு முடிவு பண்ணீங்க?"

"எங்க அண்ணன் சொன்னாரு. அவருக்கு மாத்தூர் மெக்கானிக் ஒருத்தர் சொன்னாராம். வாங்கிட்டோம்."

"விளம்பரம் ஒண்ணும் பாக்கலையா?"

"வாங்குனதுக்கப்புறம் பாத்தேன். இப்ப அது வந்தா வீட்டுல எல்லாரையும் கூப்புடுறேன், நம்ம காரு வருது ஓடி வாங்கன்னு. அதுலயும் மலை மேலதான் டீச்சர் ஏத்துறாங்க. நம்ம ஏறுனது விராலிமலை அடிவாரம் வரைக்கும்தான்."

சிரித்தோம். அப்புறம் யோசித்தேன். வாங்கியவள் பார்ப்பதற்கா இத்தனை செலவழித்து எடுக்கிறார்கள்? வாங்காதவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியானால் யாருக்காக? யாரைக் கேட்பது?

மணி அடித்தது. கலா எழுந்துகொண்டே, "நீங்க குடுத்து வச்சவங்க டீச்சர். கேக்காமயே காரு வாங்கித் தாராரு" என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. அவள்மேல் இல்லை.

மோட்டார் சரியானது. காயில் எரியவில்லை, வெறும் வயர்தான்.

போன் வரவில்லை. ஓவர்டைம் என்று மெசேஜ் மட்டும். கூடவே, "கார் பாத்தியா?"


ஜூன் 12, வியாழன்

மேகம். புழுக்கம். துணி காயவில்லை.

இன்று கேட்டுவிடுவது என்று காலையிலேயே முடிவு. வகுப்பில் பெருக்கல் போட்டுக்கொண்டே எப்படிக் கேட்பது என்று யோசித்ததில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதிவிட்டேன். பிள்ளைகள் ஒரே குரலில் திருத்தினார்கள்.

ஏழரைக்குப் போன்.

"ஏங்க, கார் வேணும்னு ஒங்களுக்கு எப்பத் தோணுச்சு?"

"எனக்கா? நீதானே சொன்னே."

"நானா?"

"ஈஸ்டர் முடிஞ்ச வாரம். ஒரு காரு விளம்பரம் போடுறாங்க, பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு, நீங்களும் பாருங்கன்னு சொன்னேல்ல. நானும் ரூமுல தேடிப் பாத்தேன். நல்ல காருதான். வேற எதுவும் புடிச்சாலும் சரின்னுதான் ஒன்னையப் பாக்கச் சொன்னேன். இத்தன வருசத்துல நீ இது வேணும்னு வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல மேரி. அதான் எப்பிடியாச்சும் வாங்கிரணும்னு..."

பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். மெஸ்ஸில் வரிசை. அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொன்னேன், உண்மைதான். ஏதோ ஒரு விளம்பரம் பற்றிச் சொன்னேன். ஆனால் அது என்ன கார்?

ஜென்சியைத் தேடச் சொன்னேன். "என்ன காருன்னு சொன்னாத்தானேம்மா தேட முடியும்?" என்றாள். எனக்குக் கேட் மட்டும்தான் நினைவு. நீலக் கேட், மழை. ஒரு வழியாகக் கண்டுபிடித்தாள். போனிலேயே பார்த்தோம்.

மழை பெய்கிறது. ஒருவன் வீட்டு வாசலில் காரை நிறுத்துகிறான். ஹாரன் அடிக்கவில்லை. உள்ளேயிருந்து மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து கேட்டைத் திறக்கிறாள். பின்னாலேயே ஒரு பெண் குழந்தை ஓடி வருகிறது. அவன் உடனே இறங்குவதில்லை. உள்ளே உட்கார்ந்தபடியே இரண்டு பேரையும் பார்க்கிறான். அவ்வளவுதான்.

மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் கார் பெயர் வரும்போது நான் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் தடவை ஜென்சி நிறுத்திக் காட்டினாள். வெள்ளைக் கார். பெயரை இங்கே எழுதலாம் என்று வந்தேன், மறுபடி மறந்துவிட்டது.

"ஏம்மா ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல, நீ போய்ப் படி."

எனக்குப் பிடித்தது கார் இல்லை. ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருவது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் விளம்பரம் நன்றாக இருக்கிறது என்று சுற்றிச் சொன்னேன். அவர் காரைப் பிடித்துக்கொண்டார். அதற்காக இன்னும் இரண்டு வருஷம் வராமல் இருக்கப் போகிறார்.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. விளம்பரம் எடுத்தவன்மேலா? அவன் காரை விற்கத்தான் எடுத்தான், என்னிடம் அது நடக்கவில்லை. இவர்மேலா? ஆசையாகத்தான் செய்கிறார். என்மேல்தான். ஆனால் நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

நாளை, நாளை மறுநாள். இரண்டு நாள்தான்.


ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். சாயங்காலப் பூசைக்கு நல்ல கூட்டம். வடை விற்கிற அக்கா கோவில் வாசல்வரை வந்துவிட்டது. ஜென்சிக்கு மெழுகுவத்தி சட்டையில் சொட்டிவிட்டது, இஸ்திரி வைத்து எடுக்க வேண்டும்.

பூசை முடிந்ததும் மேலத்தெருவில் யாரோ வாங்கிய புதுக் காரை மந்திரிக்கக் கொண்டுவந்திருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஐந்து பேர் போகிற காரில் ஒன்பது பேர் ஏறினார்கள். மடிமேல் மடி. ஒரு தாத்தா காலை உள்ளே இழுக்க முடியாமல், "கதவ அப்பிடியே தொறந்து வச்சுக்கிட்டே ஓட்டு, மெதுவாப் போகலாம்" என்றார். ஒருவரும் கூலிங்கிளாஸ் போட்டிருக்கவில்லை. இதை எடுத்துப் போட்டால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் அந்தக் கார் பெயர் தெரிந்துவிடும். ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?

வெள்ளி அவருக்கு விடுமுறை. மாமாவையும் ஜென்சியையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு, கோவில் சுற்றுச்சுவர் ஓரமாக நின்று நானே கூப்பிட்டேன். நானாகக் கூப்பிட்டால் அவருக்குப் பதற்றம்.

"என்ன மேரி, அப்பாவுக்கு என்னமும்...?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். எனக்குக் கார் வேண்டாங்க."

"ஏன், அந்தக் கலரு புடிக்கலையா? வேற கலரு இருக்கு."

"அது என்ன கார்னே எனக்குத் தெரியாது. இப்பக் கேட்டாலும் தெரியாது. அதுல ஒருத்தர் வீட்டுக்கு வாரார்ல. அதத்தான் சொன்னேன்."

கட்டாகிவிட்டதோ என்று ஸ்கிரீனைப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லத் தெரியல."

திட்டுவார் என்று நினைத்தேன். இல்லை, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"மேரி, ஒன்கிட்ட சொல்றதுக்கென்ன. காருன்னு நீ சொன்னது எனக்கும் நல்லதாப் போச்சு. சும்மா வந்து எறங்குனா ரெண்டு நாளைக்கு வாங்க வாங்கன்னுவாங்க. மூணாம் நாளு? ஜென்சிக்குப் போன்ல பேசுற அப்பாவத்தான் தெரியும். நான் அந்த வீட்டுல எங்கிட்டு ஒக்காருறது? காரு இருந்துச்சுன்னா ஒன்னைய ஸ்கூல்ல எறக்கிவிடுறது, அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு ஒரு வேலையாச்சும் இருக்கும்."

இப்படி ஒன்று அவர் மனதில் இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. யாரோ கடந்து போனார்கள், திருநாள் வாழ்த்து சொன்னார்கள், தலையை ஆட்டினேன்.

"ஸ்கூலு இங்கனக்குள்ளதானே இருக்கு. நடந்தே வந்து விடுங்க" என்றேன்.

சிரித்தாரா, தொண்டையைச் செருமினாரா தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது மாமா, "யாரு போன்ல?" என்றார். ராங் நம்பர் என்றேன். இவ்வளவு நேரம் ராங் நம்பரிடம் யார் பேசுவார்கள்?


ஜூன் 14, சனி

விடியற்காலையில் நாலு தூறல். மண் நனையக்கூட இல்லை.

போன் வரவில்லை. பத்து மணி. பதினொன்று. வீடு துடைத்தேன். அரிசி புடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். ஜென்சி, "அம்மா, வீட்டுக்கு யாரும் வாராங்களா?" என்றாள். வாளித் தண்ணீரை மாற்றப் போனேன்.

கையெழுத்துப் போட்டிருந்தால் போட்டதாகவாவது சொல்லலாம். சொல்லாமல் இருப்பது எதற்கு? போட்டதைச் சொல்ல வாய் வராமலா? போடாததைச் சொல்ல வாய் வராமலா? நானாகக் கூப்பிட மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு மெசேஜ்.

"கையெழுத்துப் போடல. செப்டம்பர்ல வாரேன்."

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டார். "வரட்டும், வரட்டும்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். ஜென்சி ஒரு கத்து கத்தினாள், அப்புறம், "ஒரேயடியாவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்குச் சந்தோஷம்தான். அழுதும் ஆயிற்று. பிறகு அடுப்படியில் நாளைக்கு மாவு போதுமா என்று பார்க்கும்போது திடீரென்று பயம் வந்தது. லீவில் வரும் ஒரு மாதமும் எங்கள் வீட்டில் விருந்துதான், ஒரு நாள் ஆட்டுக்கறி, ஒரு நாள் மீன், யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். சாதாரண நாளில், பள்ளிக்கு நேரமாகிற காலையில், அவர் என்ன சாப்பிடுவார்? எனக்குத் தெரியாது.