தேர் வீதியில் நடித்தவன்

அருமை மாப்ளைக்கு,

ஆடிப்பூரத் தேரன்று இடுப்பு வலித்து நான் வடத்தை விட்டதும், "எங்க அத்தான் நடிக்காவ, பாருங்கலே!" என்று ஸ்ரீவில்லிபுத்தூரே கேட்கக் கத்தினாய். அன்றிலிருந்து உன் அக்காளுக்கும் நான் நடிகன்தான்.

என் மகள், உன் மருமகள் பாண்டிசெல்வி ஆராய்ச்சி செய்கிறாளே, ஊர்ப்பட்ட இடுப்பு எக்ஸ்ரேக்களைக் காட்டி, எந்த வடிவ எலும்பு சீக்கிரம் தேயும் என்று கம்ப்யூட்டரைப் பழக்குகிறாள். அந்தத் தேர் வருஷம் எடுத்த என் படத்தையும் காட்டினாளாம். பந்துபோல் உருண்டிருக்க வேண்டிய எலும்பு எனக்குக் கோணலாம், அப்போதே தேய்மானமாம். எட்டாங்கிளாஸ் மூளைக்கு மிச்சம் விளங்கவில்லை. நான் நடிக்கவில்லை என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

இப்போது நீயும் நொண்டுகிறாயாம். படத்தை அனுப்பு, அவள் பார்ப்பாள், நல்ல பிள்ளை. நான் அப்படியில்லை. தேருக்கு அவசியம் வா. ராஜபாளையத்து வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து வடத்துக்குப் பக்கத்திலேயே போடுகிறேன். நீ உட்கார்ந்ததும் கத்துவேன்: "எங்க மாப்ளை நடிக்கான், பாருங்கலே!"

இப்படிக்கு,
தொண்டையில் கோளாறு இல்லாத அத்தான்