அக்காவின் டைவ் வாட்ச்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் நல்லா இருக்கோம். நீயும் பொண்ணுங்களும் சுகம்தானே? போன் பண்ணா ரெண்டு வார்த்தையில வெச்சிடுறே, அதான் எழுதுறேன்.

என் கடிகாரப் பெட்டிக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்கார். ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச்! பேட்டரி கிடையாது, கை அசைவுலயே ஓடும். நாள் முழுக்க ஸ்கூல் பஸ் ஓட்டுறவளுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? வெளிவளையத்தைத் திருப்பினா டிக் டிக்குன்னு சத்தம் வருது. பஸ்ல வர்ற வாண்டுங்க ஆளுக்கொரு தடவை திருப்பிப் பாத்தாச்சு. விலையும் நம்ம கைக்கு அடக்கம்தான்.

"தண்ணியைக் கண்டாலே ஒதுங்கி நிக்கிறவளுக்கு முக்குளிக்கிற கடிகாரமா?"ன்னு உன் அத்தான் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நான் நீச்சல் வகுப்புல சேந்துட்டேன்.

உன் அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

கடிகாரம் வாங்கினது சரி. மத்ததோட இதையும் வெச்சுப் பூட்டு. நீச்சல் வேண்டாம்.

அப்பாவை ஏரியிலேருந்து தூக்கிட்டு வந்த அன்னிக்கு நீயும் நானும்தான் வாசல்ல நின்னோம். மறந்துட்டியா? அதுக்கப்புறம் நம்ம வீட்டுல யாரும் முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கினதில்லை. என் பொண்ணுங்களை ஸ்கூல்ல நீச்சலுக்குக் கூப்பிட்டாக்கூட லீவு லெட்டர் குடுத்து நிறுத்திடுறேன். இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த விஷப்பரீட்சை?

கோவமாத்தான் எழுதுறேன்.

தம்பி


ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கோவம் புரிஞ்சுது. முடிச்சிட்டு எழுதலாம்னுதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன்.

ஆரம்பத்துல நீச்சல் குளத்துப் படிக்கட்டுக் கம்பியை விடவே இல்லை. சொல்லிக்குடுக்கிற பொண்ணு, "அழணும்னா அழுதுக்கோங்க ஆன்ட்டி, இங்க எல்லாமே தண்ணிதான், ஒருத்தருக்கும் தெரியாது"ன்னா. நல்லா அழுதேன். அப்புறம் ஒரு நாள் மிதந்தேன்.

நேத்து ஆழமான பக்கம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினேன். காது அடைச்சுது. அப்பா ஞாபகம் வந்துது, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? கை தரையைத் தொட்டதும் கண்ணைத் திறந்தேன். கையில கட்டியிருந்த கடிகாரத்துல முள்ளெல்லாம் பச்சையா மின்னுச்சு. செகண்ட் முள் அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. தண்ணி என்னை ஒண்ணும் பண்ணலைடா!

மேல வந்து பாத்தா, உன் அத்தான் செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு "என் பொண்டாட்டி! என் பொண்டாட்டி!"ன்னு குளத்தைச் சுத்தி ஓடுறார். காவலாளி பின்னாலயே விசில் அடிச்சுக்கிட்டு ஓடுறான். குளத்துல இருந்த அத்தனை பேரும் கை தட்டினாங்க.

பெட்டியில இதுக்குத்தான் இப்போ முதல் இடம்.

அடுத்த லீவுக்குப் பிள்ளைங்களை அனுப்பு. நம்ம பயத்தை அவங்களுக்கும் சொத்தா எழுதி வெக்காதே.

உன் அக்கா


ஜூன் 14

அன்பு அக்கா,

உன் லெட்டரை எனக்கு முன்னாடியே பொண்ணுங்க படிச்சிட்டாங்க. சின்னவ வாளித் தண்ணியில முகத்தை முக்கி மூச்சுப் பிடிக்கிறா, பெரியவ பக்கத்துல நின்னு எண்ணுறா. திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதுட்டேன்.

டிக்கெட் போட்டாச்சு. மூணு டிக்கெட். அவங்க இறங்கும்போது நான் கரையில நிக்கப்போறதில்லை அக்கா, கூடவே இறங்குறேன். நீ பக்கத்துல இரு.

உன் தம்பி