நிலையத்துப் பலகையில் பத்தாவது பெயர்

ஹிசாகாவா
அக்டோபர் 9

அன்புத் தங்கை சிஹாருவுக்கு,

மலையில் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. டோக்கியோவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதினோரு வருஷம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் என்றதும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயப்படாதே. மீன் சரியாக வேகவில்லை என்று நேற்றுகூட என்னைத் திட்டினாள். இது நல்ல செய்தி.

நம் ரயில் நிலையத்தில் ‘ஹிசாகாவாவின் பெருமைக்குரியவர்கள்’ என்று ஒன்பது பேர் படத்தோடு ஒரு பலகை இருக்கிறது. முதல் படம் நடிகர் இசுருகியுடையது. அவர் பெயரில் இனிப்பு ரொட்டிகூட விற்கிறோம். போன மாதம் தொலைக்காட்சியில் அவரிடம் சொந்த ஊரைப் பற்றிக் கேட்டார்கள். “ஹிசாகாவாவா? அது எங்கம்மா பிரசவத்துக்குப் போன ஊருங்க. முப்பது நாள் இருந்தேனாம். எனக்கெங்க ஞாபகம் இருக்கு?” என்று சிரித்துவிட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மேயர் நகராட்சியில் எங்கள் பண்பாட்டுப் பிரிவைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். பிரிவுத் தலைவர் நுகினா என்னைவிட ஒன்பது வயது இளையவர்; எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கு வியர்த்து வழிந்தது. எனக்கு இனித்தது, மறைக்கவில்லை.

அப்போதுதான் முன்மேசையில் இருக்கும் ஹியாமா வாய் திறந்தாள். “நடிகரை விடுங்க. டிவியில முள்ளெலி கொரோமாரு பேசினா எங்க வீட்டுப் புள்ளைங்க சோத்தத் தட்டோட விட்டுட்டு ஓடுதுங்க. அதுக்குக் குரல் குடுக்கறவங்க நம்ம மூணாம் பள்ளிக்கூடத்துலதான் படிச்சாங்களாம். அவங்க ஏன் பலகையில இல்ல?”

நுகினா பழைய கோப்பைப் புரட்டினார். “ஒதாகேன்னு போட்டிருக்கு. வெளியூர்ல பொறந்ததால நீக்கியாச்சாம். ஒதாகே சான், உங்களுக்கு உறவா?” என்று என் பக்கம் திரும்பினார்.

தங்கை என்றேன்.

“நல்ல மனுஷன்தான் நீங்க! ஊர்ல ஒருத்தர் விடாம குறை சொல்ல வாய் இருந்துச்சு, இதச் சொல்ல இல்லையா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நேற்று கூட்டம் போட்டு விதியை மாற்றிவிட்டார்கள். எங்கே பிறந்தாலும் சரி, இங்கே வளர்ந்திருந்தால் போதும். எதிர்ப்பே இல்லை. பத்தாவது பெயர் நீ. ஐம்பத்து மூன்று வயதில், லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல், இத்துடன் வைத்திருக்கும் ஒப்புதல் படிவத்தை வாங்க மூன்று மாடி ஓடினேன்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ கடிதத்தைக் கிழித்தாலும் குற்றமில்லை. ‘நகர எல்லைக்குள் பிறந்தவர் மட்டும்’ என்ற அந்தப் பழைய விதியை எழுதியவன் நான். அப்பா இறந்த வருஷம் அது. நீ ஒலிப்பதிவு என்று சொல்லி, தகனம் முடிந்து எலும்பு பொறுக்கிய பிறகு, மூன்றாம் நாள் வந்தாய். அந்த இலையுதிர் காலத்தில் பலகைக்கான பெயர்ப் பட்டியல் என் மேசைக்கு வந்தபோது அதில் உன் பெயரைப் பார்த்தேன். மலைக்கு அப்பால் தன் தாய்வீட்டில்தான் அம்மா உன்னைப் பெற்றாள் என்பது எனக்குத் தெரியும். ஒரே வரியில் உன்னை வெளியேற்றினேன். அதே வரிதான் இசுருகியை உள்ளே கொண்டுவந்தது. என்னையும் அம்மா அங்கேதான் பெற்றாள். என் விதிப்படி நானும் இந்த ஊர்க்காரன் இல்லை.

கூட்டத்தில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். நீ தாமதமாக வந்ததை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கட்டும்.

படிவத்தில் உன் பெயர் முத்திரை வேண்டும்; கையெழுத்து மட்டும் போதாதாம். இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் பெயர் ஏறாது. புதுப் பலகைத் திறப்பு நவம்பர் மூன்று. அம்மாவிடம் இன்னும் மூச்சு விடவில்லை. அவளுக்கு என்ன சொல்வதென்று உன் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

முத்திரை வைக்க மனம் வராவிட்டால் வெற்றுப் படிவத்தையாவது திருப்பி அனுப்பு. உறையின்மேல் வீட்டு முகவரியை மட்டும் நீயே உன் கையால் எழுது. தபாலை எடுப்பவள் அம்மா; உன் எழுத்தையாவது பார்க்கட்டும்.

உன் அண்ணன்,
ஒதாகே தாத்சுயா