போட்டாச்சா

அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். பால் காய்ச்சி வெச்சிருக்கேன், குடி. கேட் சாவி ஆணியில தொங்குது.

இன்னிக்கு கார் பாதைக்கு கான்கிரீட் போட கொத்தனார் வர்றார். நம்ம கிணத்துத் தண்ணிய ஊத்திக் கலக்க விடாதே. அதுல இருக்கற கடல் உப்பு ஏறினா உள்ள இருக்கற கம்பி துருப்பிடிச்சு எல்லாம் விரிசல் விட்டுடும். லாரித் தண்ணிதான். சரிவும் செங்குத்தா வேணாம். அவ சக்கர நாற்காலி சுலபமா ஏறணும்.

"உன் பொண்டாட்டி வீடு திரும்பறதே சந்தேகம், பாதை எதுக்குடா"னு நேத்து நீ கேட்டப்ப கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதே. டாக்டரும் அதையேதான் சொன்னார். கான்கிரீட் காயற வரைக்கும்கூட அவ தாங்கமாட்டாளாம்.

ஆனா தினமும் "பாதை போட்டாச்சா"னு கேக்கறா. போட்டாச்சுனு பொய் சொல்லிட்டிருக்கேன்.

பி.கு: இறுகினதும் ஈரச் சாக்கு போட்டு மூடு. மூடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இன்னிக்காவது பொய் சொல்லாம அவகிட்ட காட்டணும்.