நாகலாபுரம் மிளகாய் சர்வரின் கதவைத் திறக்க மறுக்கும் மனு

அனுப்புநர்:
சோ. மாரிசெல்வி,
கணினிப் பொறுப்பாளர்,
வைப்பாற்றுக் கரிசல் மிளகாய் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்,
நாகலாபுரம், விளாத்திகுளம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: உழவர்களின் இருப்பு விவரம் உள்ள சர்வரை மீண்டும் திறந்து வைக்கும்படி தனியார் கணினி நிறுவனம் வற்புறுத்துவதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: அந்நிறுவனத்தின் கடிதம், நாள் 27.02.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் உறுப்பினர்கள் 412 பேரும் மானாவாரி மிளகாய் விவசாயிகள். இம்மனு அவர்களுக்காகவும், என் வேலைக்காகவும் எழுதப்படுகிறது.

1. உறுப்பினர்களின் வத்தல் மூட்டைகள் விளாத்திகுளத்தில் உள்ள குளிர்பதனக் கிடங்கில் இருக்கின்றன. மூட்டையின் மேல் எண் மட்டுமே இருக்கும். எந்த எண் யாருடையது என்பது எங்கள் அலுவலக சர்வருக்குத்தான் தெரியும். கிடங்கிலிருந்தும் உறுப்பினர்களின் செல்போனிலிருந்தும் பார்ப்பதற்காக அது இணையத்தில் இணைக்கப்பட்டுள்ளது.

2. உறுப்பினரிடம் ஒளிவுமறைவு கூடாது என்பது எங்கள் பொதுக்குழுத் தீர்மானம். அதனால் வாசலில் உள்ள கரும்பலகையில் தினமும் வத்தல் விலையை எழுதி, அதன் கீழே சர்வரின் கடவுச்சொல்லையும் எழுதி வந்தோம். அந்தப் பலகையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இப்பகுதி வழக்கம். விலையோடு கடவுச்சொல்லும் ஊர் ஊராகப் போயிற்று. உறுப்பினர்கள் பார்ப்பதற்கென்று தனிக் கடவுச்சொல் தராமல், சர்வர் முழுவதையும் திறக்கும் சொல்லையே, சர்வரை அமைத்துப் பராமரிக்கும் கணினி நிறுவனம் எங்களுக்குக் கொடுத்திருந்தது. ஆனாலும் பலகையில் அதை எழுதியது நான்தான். மறைக்க விரும்பவில்லை.

இது சரியா என்று ஒருமுறை எனக்கே சந்தேகம் வந்து, எங்கள் தலைவர் திரு. வெயிலுமுத்து அவர்களிடம் கேட்டேன். அவர், “நம்ம வத்தலத் தூக்கணும்னா லாரில்லா கொண்டு வரணும். ஒயர் வழியா எவன் தாயி கொண்டு போவான்?” என்றார். நானும் சிரித்துவிட்டுப் பலகையை எழுதினேன்.

3. 11.02.2026 புதன்கிழமை காலை அலுவலகம் திறந்தபோது சர்வரில் ஒரு பெயரும் இல்லை. எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் மட்டும் திரையில் நின்றது. வந்தவர்கள் முதல் முயற்சியிலேயே சரியான கடவுச்சொல்லைப் போட்டு, நேர்வழியில் நுழைந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வியாபாரியின் லாரி வர வேண்டும். யார் மூட்டையை ஏற்றுவது என்று தெரியவில்லை.

4. கணினி நிறுவனத்தைப் போனில் அழைத்தேன். அவர்கள் எடுத்து வைத்திருந்த நகல் அதே சர்வருக்குள்ளேயே இருந்ததால் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது என்றும், கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுவதே நல்லது என்றும் சொன்னார்கள். நான் இணைய வயரைப் பிடுங்கினேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தேன். பணம் தர மாட்டோம் என்று தலைவரும் உறுதியாக நின்றார்.

5. ஐயா, இனி எழுதுவதைக் கொஞ்சம் பெருமையோடு எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும். சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுவது என் பழக்கம். வீண் வேலை என்று அந்நிறுவனத்தார் கேலி செய்த பழக்கம் அது. சர்வரைச் சுத்தமாக அழித்து, அந்த நகலிலிருந்து புதன் மாலைக்குள் எல்லாப் பெயரையும் திரும்பக் கொண்டுவந்தேன். திங்களும் செவ்வாயும் வந்த மூட்டைகள் மட்டும் விடுபட்டிருந்தன. தகவல் போனதும் மறுநாள் காலை 47 பேர் எடைச்சீட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஒருவர்கூடச் சீட்டைத் தொலைத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை லாரி ஏறியது. ஒரு மூட்டைகூட மாறவில்லை.

6. பலகையில் இப்போது விலை மட்டும்தான். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் உண்டு. அதைப் போட்டபின் செல்போனுக்கு வரும் எண்ணையும் போட்டால்தான் திறக்கும். கணினி நிறுவனத்தார் வெளியூரிலிருந்தே உள்ளே வருவதற்காக இரவும் பகலும் திறந்து வைத்திருந்த வழியை அடைத்துவிட்டேன். அதன்பிறகு ஒரே வாரத்தில் 4,316 முறை யார் யாரோ தட்டிப் பார்த்திருப்பது பதிவேட்டில் உள்ளது. ஒருவர்கூட உள்ளே வரவில்லை. அந்தப் பதிவேட்டை அச்செடுத்துப் படித்த அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

7. இதற்காகத்தான் என்மேல் புகார். ‘தகுதியற்ற ஊழியர் ஒருவர் சர்வரைக் கெடுத்துவிட்டார்; 16.03.2026க்குள் பழைய வழியையும் பழைய கடவுச்சொல்லையும் திரும்ப வைத்து, அவரையும் நீக்காவிட்டால் பராமரிக்க மாட்டோம்’ என்று பார்வையில் கண்ட கடிதத்தில் எழுதியுள்ளார்கள். அவர்கள் கேட்டால், கேட்ட நேரத்துக்கு மட்டும் வழி திறந்து, வேலை முடிந்ததும் அடைக்கத் தயார் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். எந்நேரமும் திறந்து போட மாட்டேன்.

8. பசுவந்தனைப் பக்கத்தில் எங்களுடையதைப் போன்ற உழவர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் கற்பகம் என்பவர் சென்ற வாரம் போன் செய்தார். எங்கள் பழைய கடவுச்சொல்லில் எங்கள் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு அவர்கள் ஊர்ப் பெயரைப் போட்டால் அதுதான் அவர்களுடையதாம். அமைத்துக் கொடுத்ததும் அதே கணினி நிறுவனம்தான். என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொன்னேன். அன்று மாலையே மாற்றிவிட்டார். மற்ற ஊர்களின் நிலைமை எனக்குத் தெரியாது.

ஆகவே, அடைத்த வழியைத் திறக்கச் சொல்லி எங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், அந்நிறுவனம் அமைத்த எல்லா சர்வர்களின் கடவுச்சொல்லையும் உடனே மாற்ற வேண்டும் என்றும் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். உறுப்பினர்களில் 409 பேரின் கையொப்பம் இணைத்துள்ளேன். மீதி மூவர் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

விசாரணைக்கு அலுவலரை அனுப்பினால் எந்த உறுப்பினரிடமும் எதையும் கேட்கலாம். கடவுச்சொல்லை மட்டும் கேட்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூத்த உறுப்பினர் திருமதி ஆறுமுகத்தாய் அவர்களிடம் சோதனைக்காக நானே கேட்டுப் பார்த்தேன். “ஒன் சோலியப் பாருட்டி” என்றார்.

நல்லதொரு உத்தரவை எதிர்பார்த்து,

சோ. மாரிசெல்வி
(கையொப்பம்)

இடம்: நாகலாபுரம்
நாள்: 09.03.2026

இணைப்பு: பார்வையில் கண்ட கடிதத்தின் நகல், சர்வர் பதிவேட்டின் அச்சு, 409 உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல்.