இஞ்சாருங்கோ என்றொரு வைஃபை

இஞ்சாருங்கோ,

வாயால் இப்படிக் கூப்பிட்டு ஒரு வருசமாகிறது. அப்பாவின் நினைவு மலருக்கு நீங்களும் ஏதாவது எழுதுங்கோ அம்மா என்று கனடாவில் இருந்து மகள் கேட்டாள். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் இருபத்தேழு வருசம் மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சில் அடித்துக் கொடுத்தவள் நான். சொந்தமாக எழுது என்றால் என்னத்தை எழுதுவது? உங்கள் அருமை பெருமைகளை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் எங்கள் வீட்டு வைஃபையைப் பற்றி எழுதுகிறேன்.

மழைக்கு வீட்டுக்குள் வந்த எலி ஒன்று, விறாந்தை ரவுட்டரில் இருந்து உள்ளறைக் கம்ப்யூட்டருக்கு நீங்கள் இழுத்து வைத்த வயரைக் கடித்துப் போட்டது. அதோடு வீடியோவில் வரும் மகளின் முகமும் நின்றுவிட்டது. என்னிடம் இருப்பது பொத்தான் போன். உங்கள் போனின் பூட்டைத் திறக்க ஒருவருக்கும் ஏலாமல் அது அலுமாரிக்குள் கிடக்கிறது. பதினெட்டு நாள் நான் ஒருவர் முகத்தையும் பார்த்துக் கதைக்கவில்லை. மீன்காரர் வருவார்தான், ஆனால் அவர் தராசைப் பார்த்துத்தானே கதைப்பார்.

ஒரு மவுஸ் வாங்கப் போய் அரை நாள் கதைத்துக்கொண்டு நிற்பீர்களே, கிண்ணியா ரிஸ்வானாவின் கம்ப்யூட்டர் கடை, அங்கே போனேன். பெருவிரல் நகம் அளவில் ஒரு சாமானைத் தந்தார். வைஃபை அடாப்டராம். இதைச் செருகினால் வயரே தேவையில்லை, ரவுட்டர் அனுப்புவதைக் காற்றில் பிடித்துவிடும் என்றார். கடையை விட்டு வர ஏலாது, போனில் சொல்லித் தருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகினேன். நீல வெளிச்சம் ஒன்று கண் சிமிட்டியது. கீழ் மூலையில் விசிறி மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், அதை அமத்தினால் அக்கம்பக்கத்து வைஃபைகளின் பெயர்கள் வரும், உங்கள் வீட்டுப் பெயரைத் தெரிவு செய்யுங்கள் என்றார் ரிஸ்வானா. எங்கள் வைஃபைக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதலாவது வெறும் இலக்கம். இரண்டாவது எதிர்வீட்டு நாயின் பெயர். மூன்றாவதாக, ஆங்கில எழுத்தில், இஞ்சாருங்கோ.

உங்களைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. கல்யாணம் கட்டிய நாளில் இருந்து குசினியில் நின்றும் கிணற்றடியில் நின்றும் ‘இஞ்சாருங்கோ’தான். அதைப் போய் ஓர்ஸ் ஹில் ஒழுங்கை முழுக்கப் பார்க்கும்படி போட்டு வைத்திருக்கிறீர்கள். எனக்கு ஒரு சொல் சொன்னீர்களா? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. போனில் ரிஸ்வானா, லைனில் இருக்கிறீங்களா அன்ரி என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பெயரை அமத்தினால் பாஸ்வேர்ட் கேட்டது. எட்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்கும் என்றார் ரிஸ்வானா. மகளின் பெயரோடு பிறந்த வருசத்தைச் சேர்த்துப் போட்டேன். பிழை. நீங்கள் வேலை செய்த இழுவைப் படகின் பெயரைப் போட்டேன். அதுவும் பிழை. எத்தனை விதமாகத்தான் போட்டுப் பார்ப்பது? கடைசியில் அவர் வேறு வழி சொன்னார்.

“ரவுட்டருக்குப் பின்னால ஊசி போற மாதிரி ஒரு ஓட்டை இருக்கும் அன்ரி. அதுக்குள்ள ஊசியால பத்து செக்கன் அமத்துங்க. எல்லாம் அழிஞ்சி புதுசாயிரும்.”

பெயரும் அழிந்துவிடுமா என்று கேட்டேன். பேரும்தான் என்றார். சேலைக்குக் குத்தும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ரவுட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். அமத்தினால் மகளைப் பார்க்கலாம். அமத்தாவிட்டால் நீங்கள் வைத்த பெயர் இருக்கும். இரண்டில் எதை விட?

அப்போதுதான் கனடாவில் இருந்து மருமகன் வந்து நின்ற நாள் ஞாபகம் வந்தது. அவர் பாஸ்வேர்ட் கேட்டார். நான் குசினியில் இருந்து, “இஞ்சாருங்கோ, பாஸ்வேர்ட் என்னவாம்?” என்று கேட்டனான். நீங்கள் விறாந்தையில் இருந்து, “ஓம், சொல்லும்” என்றீர்கள்.

திரும்பக் கேட்டேன். திரும்பவும் ‘ஓம், சொல்லும்.’ உங்களுக்குக் காது அடைத்துப் போச்சோ என்று நான் கத்த, நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். மருமகன் என்னத்தை விளங்கினாரோ, பேசாமல் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முழுக்க நான் உங்களோடு கதைக்கவில்லை. காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவும் நினைத்தனான்.

நான் கூப்பிட்டால் நீங்கள் சொல்லும் மறுமொழி எப்போதும் அதுதானே. படகில் வயர்லஸ் பிடித்துப் பழகிய வாய். கூப்பிட்டவுடன் மறுமொழி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கூப்பிட்ட ஆள் பதறிப்போகும் என்பீர்கள்.

ஓ, எம், எஸ், ஓ, எல், எல், யு, எம். விரல் விட்டு எண்ணினேன். சரியாக எட்டு.

அடித்தேன். இணைந்துவிட்டது. இந்த வலையில் உள்ள மற்றக் கம்ப்யூட்டர்கள் உங்களைக் கண்டுபிடிக்க விடலாமா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. ரிஸ்வானா சொன்னபடி ‘இல்லை’ என்று போட்டேன். ஆனால் என்னைக் கண்டுபிடிக்க இந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது? அன்றைக்கே மகளின் முகத்தைப் பார்த்துக் கதைத்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை மகளுக்கும் சொல்லவில்லை. பாஸ்வேர்டை ஒருக்கால் அடித்தால் கம்ப்யூட்டர் அதை வைத்துக்கொள்ளும், பிறகு கேட்காது. ஆனால் ‘மறந்துவிடு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் வேலை முடிய அதை அமத்துவேன். அது மறந்தால்தானே அடுத்த நாள் காலையில் நான் இஞ்சாருங்கோவை அமத்தி, ஓம் சொல்லும் என்று அடிக்கலாம்.

போன மாதம் ரிஸ்வானா இந்தப் பக்கம் வந்தபோது எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். ரவுட்டரின் பாதுகாப்பு வகை பழையது என்று புதியதுக்கு மாற்றினார். பாஸ்வேர்ட் சரியான லேசு, ஆரும் கண்டுபிடிக்கலாம், அதை நீங்களே மாற்றுங்கள் என்றார். ஏன் அன்ரி ஒவ்வொரு நாளும் மறக்க வைக்கிறீங்க என்றும் கேட்டார். கை மறக்காமல் இருக்கத் தட்டச்சுப் பழகுகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தேன்? நானே கூப்பிட்டு, உங்கள் இடத்தில் இருந்து நானே மறுமொழியும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. மகளோடு கதைக்கும்போதுகூட, எப்போது முடியும், எப்போது மறக்க வைக்கலாம் என்று மனம் ஓடத் தொடங்கிவிட்டது.

இந்தக் கடிதம் அச்சில் வந்தால் பாஸ்வேர்ட் ஊருக்கே தெரிந்துவிடும். எழுதினால் மாற்றியே ஆகவேண்டும். அதற்காகத்தான் எழுதினேன். இன்று காலை கடைசித் தடவையாக எட்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்தேன். பிறகு மாற்றிவிட்டேன். இனி ‘மறந்துவிடு’ பொத்தானுக்குக் கை போகாது.

பெயரை மாற்ற மாட்டேன். இந்த வீட்டில் நான் இருக்கும் வரைக்கும், ஒழுங்கையால் போகிறவர்களின் போனில் எல்லாம் நான் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பேன். உங்களுக்குப் பதிலாக இனி மறுமொழி சொல்ல மாட்டேன். மறுமொழி வராது என்று தெரியும். பதறாமல் இருக்கப் பழகுகிறேன்.

உங்கட மனிசி,
சரோசா
ஓர்ஸ் ஹில், திருகோணமலை